கடல் தள்ளியது

"நம்மளைக் கெடுத்தது பறங்கி இல்ல ஷெய்கு. நம்ம சட்டம்தான் கெடுத்துச்சு."

சுல்தான் மஹ்தூம் நெய்னா இதைச் சொன்னபோது அவர் கையில் செங்கோல் இல்லை. பனங்கிழங்கு தோண்டும் கம்பு இருந்தது.

ஷெய்கு உவைஸ் லெப்பை தைக்காவின் கூரைக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தார். தைக்கா என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு கால் நட்டு ஓலை வேய்ந்த கொட்டகை. அங்கேதான் ஓதுவார், தொழவைப்பார், தூங்குவார்.

"காக்கா, அந்த ஓலையை இப்படித் தாங்க," என்றார் ஷெய்கு.

சுல்தான் கொடுத்தார்.

சுல்தானுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஷெய்குக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் குரு சீடனைக் 'காக்கா' என்று கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே," என்றார் சுல்தான்.

"நீங்க எங்கே கேட்டீங்க? சொன்னீங்க."

சுல்தானுடையது ஐந்து தலைமுறை ஆண்ட வம்சம். இப்படி மடக்கிப் பேசியவர்கள் அரண்மனையில் யாரும் இல்லை.

*

அந்த இடத்தின் பெயர் உப்புத்திடல். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் உவர்நிலம். தாழம்புதரும் சில பனைகளும் தவிர வேறு எதுவும் முளைக்காது. பவளந்துறைச் சுல்தானகத்தில் மிஞ்சியவர்கள் அங்கேதான் குடிசை போட்டிருந்தார்கள்.

சுல்தானுக்கும் ஒரு குடிசை. மற்றக் குடிசைகளைவிட அது ஒரு முழம் உயரம் என்று ஜனங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அளந்து பார்த்தவர் யாரும் இல்லை.

நான் அந்த ஜனங்களின் வழியில் வந்தவன். பவளந்துறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் கரை நெடுக ஒரே வழக்கம்தான். கப்பல் உடைந்தால், ஒதுங்கிய சரக்கு கரையை ஆள்பவனுக்கு. புயல் மாதத்தில் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, எப்போது கப்பல் உடையும் என்று காத்திருந்த சிற்றரசர்கள் உண்டு. சிலர் அதற்கு நேர்த்திக்கடன்கூட வைத்தார்கள்.

பவளந்துறையில் யூனுஸ் மரைக்காயர் என்று ஒரு கருவாட்டு வியாபாரி இருந்தார். அரசனும் இல்லை, அரசனுக்கு உறவும் இல்லை. ஒரு புயலில் அவர் குடிசைக்கு எதிரே ஏடன் கப்பல் ஒன்று உடைந்தது. அதில் வந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. சீனி மூட்டைகளும் பட்டுப் பொதிகளும் ஒதுங்கின. மரைக்காயர் எல்லாவற்றையும் மேட்டில் ஏற்றி, ஓலை போட்டு மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்குக் காவல்?" என்று கேட்டாள் அவர் மனைவி சாறா உம்மா.

"சொந்தக்காரனுக்கு."

"அவன்தான் மவுத்தாயிட்டானே."

"அவனுக்குச் சொந்தக்காரன் வருவான்."

சீனிக்கு எறும்பு வந்தது. சாறா உம்மா மூட்டைகளைச் சுற்றிச் சாம்பலால் வளையம் போட்டாள். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டாள், ஆனால் ஒரு மூட்டை விடாமல் போட்டாள். அடுத்தவன் சீனியை எறும்பு தின்னவும் விடாத குடும்பம் அது.

அடுத்த பருவக்காற்றில் செத்தவனின் தம்பி தேடிக்கொண்டு வந்தான். பொதிகளின் முடிச்சுக்கூட அவிழாமல் இருந்தது. அவன் மணலில் உட்கார்ந்து அழுதான். திரும்பிப் போய் ஏடனில் சொன்னான். ஏடனுக்குத் தெரிந்தால் ஹொர்முஸுக்குத் தெரிந்த மாதிரி. ஹொர்முஸுக்குத் தெரிந்தால் மலாக்காவுக்கும் தெரிந்துவிடும்.

பிறகு கப்பல்கள் வந்தன. குதிரை வந்தது, கற்பூரம் வந்தது, சீனத்துப் பீங்கான் வந்தது. புயல் மாதத்தில் மற்றக் கரைகளைக் கண்டு ஒதுங்கி ஓடிய மாலுமிகள் பவளந்துறை விளக்கைப் பார்த்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். கப்பல்காரர்கள்தான் மரைக்காயரைச் சுல்தான் என்று கூப்பிட ஆரம்பித்தது. கூப்பிடக் கூப்பிட அவர் ஆகிவிட்டார்.

அவர் போட்ட சட்டம் ஒரே வரி. துறைமுகத்துக் கல்லில் வெட்டி வைத்திருந்தது.

'கடல் தள்ளியது அமானிதம்.'

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி விட்டுப்போன பொருள். தொடக்கூடாது. அவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

ஐந்து தலைமுறைக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. பவளந்துறையில் அரண்மனையைவிடப் பெரிய கட்டடம் அமானிதக் கிடங்கு. புதுச் சுல்தான் பட்டம் ஏறினால் முதல் வேலை, ஈட்டியோடு அந்தக் கிடங்கு வாசலில் ஒரு பகல் காவல் நிற்பது. குடை கிடையாது. வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வேறெந்த ஊரில் ராஜா வேற்றூரான் மூட்டைக்குக் காவல் நின்றான், சொல்லுங்கள்!

*

மறுநாள் சுல்தான் கேள்வியாகவே கேட்டார்.

"சட்டத்தை நான் ரத்து பண்ணலாமா ஷெய்கு?"

"எதுக்கு?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பறங்கிக் கப்பல் ஒண்ணு நம்ம துறைமுகத்துப் பாறையில ஏறிச்சு. ஆளுங்களைக் கரை சேர்த்தோம். சோறு போட்டோம். சரக்கைக் கோட்டைக்குள்ள கொண்டுபோய்க் கிடங்குல அடுக்கினோம். பீரங்கியையும்தான். வெடிமருந்து நனைஞ்சிருந்துச்சு. நான்தான் ஆள் விட்டு, பாய் விரிச்சு, வெயில்ல காயவச்சுக் கொடுத்தேன்."

ஷெய்கு ஓலை முடிச்சை இறுக்கினார்.

"சுபுஹுத் தொழுகைக்கு ஊர் எழுந்தப்ப சுட ஆரம்பிச்சான். வெளியில இருந்து ஒரு குண்டும் வரல. நம்ம கிடங்கு வாசல்ல இருந்து சுட்டான். நாம காயவச்ச மருந்து."

உலகத்தில் எத்தனையோ கோட்டைகள் விழுந்திருக்கின்றன. எதிரியின் வெடிமருந்தைத் தானே உலர்த்திக் கொடுத்து விழுந்த கோட்டை எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். நீங்கள் சிரிக்கலாம். நாங்களே சிரித்திருக்கிறோம், அழுது முடித்த பிறகு.

"அந்தச் சட்டம் இல்லேன்னா அவன் உள்ளே வந்திருக்க முடியாது," என்றார் சுல்தான். "இப்ப பாருங்க. வாடைக்காற்று. படகு இறக்க முடியல. கிழங்கும் தீரப்போவுது. பக்கத்துக் கரையில எல்லாம் கப்பல் உடைஞ்சா ஊரே ஒரு வருஷம் சாப்பிடுது. நம்ம ஜனம் மட்டும் பார்த்துக்கிட்டு நிக்கணுமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம் எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். சட்டம் ரத்து. நீங்க சரின்னு சொல்லுங்க."

"நீங்க சுல்தான். ரத்து பண்ணுங்க."

சுல்தான் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா எதை ரத்து பண்றீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க," என்றார் ஷெய்கு.

"கடல் தள்ளியது அமானிதம்."

"இன்னொரு தடவை."

"கடல் தள்ளியது அமானிதம்."

"இன்னொரு தடவை."

சுல்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேசத் தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு இது தெரியும் ஷெய்கு! எங்க வாப்பா என்னை மடியில வச்சு முதல்ல சொல்லிக் கொடுத்தது இதைத்தான்."

"அதான் காதுல விழமாட்டேங்குது," என்றார் ஷெய்கு. "போயிட்டு நாளைக்கு வாங்க."

சுல்தான் மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். வந்து, சொல்லச் சொன்னதைச் சொன்னார். உள்ளே புகைந்துகொண்டே சொன்னார். ஷெய்கு தலையாட்டிவிட்டுக் கூரை வேலையைப் பார்த்தார்.

இப்படி ஒரு குருவிடம் மாட்டிக்கொண்டால் நாமாக இருந்தால் வேறு குருவைத் தேடிப் போயிருப்போம். உப்புத்திடலில் வேறு குரு கிடையாது.

*

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே காற்று பேயாட்டம் ஆடியது.

தொழுகை முடிந்தது. ஜனங்கள் எழுந்திருக்கவில்லை. சுல்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என்ன சொல்லப்போகிறார் என்பதும் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. சின்ன ஊரில் ரகசியம் தங்காது.

சுல்தான் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார்.

அதற்குள் கடல் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"கப்பல்! கப்பல் உடையுது! பறங்கிக் கப்பல்!"

கத்தியவள் ஜெய்த்தூன் பீவி. பவளந்துறைக் கோட்டை வாசலில் அன்று முதல் குண்டுக்கு விழுந்தவர் அவள் கணவர். அதிலிருந்து அவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. தாழை வெட்டும் அரிவாள் ஒன்று எப்போதும் கையில் இருக்கும்.

எல்லாரும் கரைக்கு ஓடினார்கள்.

கப்பல் இரண்டாக முறிந்து கிடந்தது. அலை பனை உயரம் எழும்பி அதன்மேல் விழுந்தது. மூட்டைகள் மிதந்து வந்தன. பீப்பாய்கள் வந்தன. ஒரு மூட்டை கிழிந்து, நுரையோடு அரிசி கரையில் வெள்ளையாகப் பரவியது. அரிசியைப் பார்த்து அந்த ஜனங்களுக்கு எத்தனையோ மாதமாகியிருந்தது.

மூட்டைகளுக்கு நடுவே தலைகளும் தெரிந்தன. பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனிதர்கள் கத்தினார்கள்.

யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லாரும் சுல்தானையே பார்த்தார்கள்.

"சொல்லுங்க சுல்தான் வாப்பா," என்றாள் ஜெய்த்தூன் பீவி. "சட்டத்தை ரத்து பண்ணப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். சீக்கிரம் சொல்லுங்க. அரிசியை எடுத்துக்கறோம். வர்றவனுங்களை நான் பார்த்துக்கறேன்."

அரிவாளை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

சுல்தான் ஷெய்கைப் பார்த்தார். "ஷெய்கு, இப்பவாவது சொல்லுங்க. நான் என்ன செய்ய?"

காற்றில் ஷெய்கின் தலைப்பாகை அவிழ்ந்து பறந்தது. அவர் அதைப் பிடிக்கப் போகவில்லை.

"காக்கா, அன்னைக்குப் பறங்கிக் கப்பல் பாறையில ஏறிச்சுன்னீங்களே. அன்னைக்குக் கடல் எப்படி இருந்துச்சு?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எப்படி இருந்துச்சு?"

சுல்தான் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது.

"தெரியல. நான் மேல்மாடியில இருந்தேன். ஹொர்முஸ்ல இருந்து தூதர்கள் வந்திருந்தாங்க. 'பாருங்க, இப்ப எங்க சட்டத்தைப் பாருங்க'ன்னு அவங்ககிட்ட சொன்னேன். நான் கடலைப் பார்க்கல ஷெய்கு. அவங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அவங்க ஆச்சரியப்படணும்னுதான் மருந்தைக்கூடக் காயவைக்கச் சொன்னேன்."

"நான் பார்த்தேன்," என்றாள் ஜெய்த்தூன் பீவி.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நான் கரையிலதான் இருந்தேன். எம் மாப்பிள்ளை கழுத்தளவு தண்ணியில நின்னு, அந்தக் கப்பல்ல இருந்து அறுந்துபோன நங்கூரத்தைத் தேடிக்கிட்டிருந்தாக. தண்ணி குளம் மாதிரி கிடந்துச்சு. அடியில கிடந்த நங்கூரம் கரையில இருந்தே எனக்குத் தெரிஞ்சுது. 'அந்தா கிடக்கு, அந்தா கிடக்கு'ன்னு நான்தான் கை காட்டினேன். காத்தே இல்ல. அலையே…"

நிறுத்தினாள்.

"அலையே இல்லியே," என்றாள் மெதுவாக. "பின்னே அந்தக் கப்பல் எப்படிப் பாறையில ஏறிச்சு?"

"அவனே ஏத்தியிருக்கான்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். காற்று இரைந்தது.

"காக்கா," என்றார் ஷெய்கு, "சட்டத்தைச் சொல்லுங்க."

"கடல் தள்ளி…"

சுல்தானுக்கு அதற்கு மேல் வரவில்லை. 'கடல்' என்ற சொல்லை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவரைப் போல வாயைத் திறந்தபடி நின்றார்.

ஷெய்கு கையை நீட்டிக் கடலைக் காட்டினார். "இது?"

ஒரு பெரிய அலை எழும்பி, கப்பலின் மிச்சப் பாதியை எங்கள் கண் முன்னாலேயே உடைத்துப் போட்டது. 'எங்கள்' என்றா சொன்னேன்? நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் வந்துவிடுகிறது.

சுல்தான் மஹ்தூம் நெய்னா மேல்சட்டையைக் கழற்றி எறிந்தார். படகுக் கயிற்றை இடுப்பில் கட்டினார். மறுமுனையைக் கூட்டத்தின் பக்கம் வீசினார்.

"பிடிங்கடா!" என்றார்.

பவளந்துறையில் ஐந்து தலைமுறையாக எந்தச் சுல்தானும் ஜனங்களை 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை. ஜனங்களுக்கு அன்று அது அவ்வளவு பிடித்திருந்தது.

*

சாயங்காலத்துக்குள் பதினோரு பேரை இழுத்துப் போட்டார்கள். மூன்று பேரை இழுத்தவள் ஜெய்த்தூன் பீவி. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கியதால், அவள் கைநீட்டியபோது ஒரு மாலுமி பயந்துபோய்த் திரும்பக் கடலுக்கே நீந்தப் பார்த்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"சாவறதுக்கு அவ்வளவு அவசரமாடா உனக்கு?" என்று அவனைத் திட்டினாள். அவனுக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது.

மூட்டைகளை மேட்டில் அடுக்கினார்கள். பட்டினியில் வற்றிப்போன ஜனங்கள் ஈர அரிசி மூட்டைகளைத் தோளில் சுமந்தார்கள். சிந்திய அரிசியையும் மணலோடு கூட்டி அள்ளித் தனியாக ஒரு கூடையில் வைத்தார்கள். யாரும் ஒரு மணியை வாயில் போடவில்லை.

வெடிமருந்துப் பீப்பாய்களும் இருந்தன.

"இதை என்ன பண்றது?" என்று கேட்டாள் ஜெய்த்தூன் பீவி.

எல்லாரும் சுல்தானைப் பார்த்தார்கள். சிலர் ஷெய்கைப் பார்த்தார்கள். ஷெய்கு தன் தலைப்பாகையைத் தேடுவதுபோல் அப்பால் போய்விட்டார்.

"இதுவும் கடல் தள்ளினதுதான்," என்றார் சுல்தான். "காவல் போடுங்க."

"காய வைக்கணுமா?"

"சட்டம் காவல் காக்கத்தான் சொல்லுது. காய வைக்கச் சொல்லல."

அதைக் கேட்டு யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கோட்டை போன நாளிலிருந்து அந்த ஜனம் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பறங்கிகளின் கப்பித்தான் நரைத்த தாடிக்காரன். எங்கள் கரையில் பல வருஷம் சுற்றியவன், அரைகுறைத் தமிழ் பேசுவான். நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுல்தான் அவனிடம் போனார்.

"அரிசி நனைஞ்சிருக்கு. வச்சிருந்தா கெட்டுப்போகும். உங்க ஆளுங்களுக்கு வடிச்சுக் கொடுக்கவா?"

கப்பித்தானுக்குக் கேள்வியே புரியவில்லை. கைக்கு வந்த அரிசியை வடிக்க ஒருவன் தன்னிடம் அனுமதி கேட்கிறான் என்பது அவன் புத்திக்கு எட்ட நேரமானது. பிறகு தலையாட்டினான்.

ஜெய்த்தூன் பீவி அடுப்பு மூட்டினாள். சோறு வெந்தது. அந்த வாசனை திடல் முழுக்கப் பரவியது. பறங்கிகளை வட்டமாக உட்காரவைத்து இலையில் பரிமாறினார்கள். சுற்றி நின்ற ஜனங்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கப்பித்தான் முதல் கவளத்தை எடுத்தவன் நிறுத்தினான்.

"நீங்க?"

"நாங்க சாப்பிட்டாச்சு," என்றார் சுல்தான்.

பவளந்துறைச் சுல்தான்கள் சொன்ன பொய்களில் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

கப்பித்தான் சுல்தானின் விலாவைப் பார்த்தான். அடுப்பருகே நின்ற ஜெய்த்தூன் பீவியின் கைகளைப் பார்த்தான். கவளத்தை இலையில் திரும்ப வைத்தான்.

"என் அரிசி," என்றான். "என் விருந்து. எல்லாரும் உக்காரணும். உக்காரலேன்னா நானும் சாப்பிடல."

சுல்தான் தயங்கினார். அமானிதத்தைத் தொடலாமா என்று அவர் வாயெடுப்பதற்குள், எங்கிருந்தோ வந்த ஷெய்கு பறங்கிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பிஸ்மில்லாஹ்," என்றார். "சொந்தக்காரர் கூப்பிடறார் காக்கா. உக்காருங்க, ஆறிடும்."

ஜனங்கள் உட்கார்ந்தார்கள். உப்புத்திடலில் அன்று எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். கணவனைக் கொன்ற சாதிக்காரனுக்கு ஜெய்த்தூன் பீவி இரண்டாம் முறை சோறு வைத்தாள். கரண்டியைக் கொஞ்சம் வேகமாகத்தான் தட்டினாள், ஆனால் வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் பறங்கி மாலுமிகள் மிச்சச் சரக்கை மேட்டுக்கு நகர்த்த எழுந்தார்கள். சுல்தானும் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். இடுப்பில் ஈர வேட்டி, உடம்பெல்லாம் மணல். கப்பித்தான் பின்னாலேயே வந்தான்.

"பெரியவரே, இது யார் சீமை? ராஜாவுக்கு எவ்வளவு பங்கு கொடுக்கணும்? பாதியா?"

"இங்கே பங்கு கிடையாது."

"பங்கு இல்லாம எப்படி? இந்தக் கரையில எல்லா ராஜாவும் எடுப்பாங்க."

"இங்கே எடுக்கறதில்ல."

கப்பித்தான் நின்றுவிட்டான். தாடியைத் தடவினான்.

"பங்கு எடுக்காத ராஜா இந்தக் கரையில ஒருத்தர்தான் இருந்தார். பவளந்துறைச் சுல்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த ராஜ்ஜியம் இப்ப இல்ல. எங்க ஆளுங்க பிடிச்சுட்டாங்க."

சுல்தான் திரும்பி அவனைப் பார்த்தார்.

"கோட்டையைத்தான் பிடிச்சாங்க," என்றார். "அந்த மூட்டையை இன்னும் மேலே தள்ளி வைக்கச் சொல்லுங்க. அங்கே அலை வரும்."